பழைய சரளைச் சாலையை நடைவழியாகக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அந்தச் சாலையில் வழக்கமாக நடக்கும் சிலர்

பெறுநர்:
வனத்துறை அலுவலர் அவர்கள்

பொருள்: வனப்பகுதி வழியே செல்லும் பழைய சரளைச் சாலையின் வடிகால்களைச் சீர்செய்து, நடப்பவர்களுக்கு விடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட சாலை அது. லாரிகள் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. பாரவண்டி ஏற வேண்டும் என்று வெட்டியதால், எங்கேயும் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கிடையாது. வளைந்து வளைந்து நிதானமாக மேலே போகும். முழங்கால் வலிக்காரர்கள்கூடக் காட்டின் நடுப்பகுதி வரை போய்வர முடிகிற வழி எங்களுக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் சாலைக்கு அடியில் ஒரு குழாய் போகிறது. அதன் வாயைச் சருகும் சேறும் முறிந்த கிளை ஒன்றும் அடைத்துவிட்டன. மேலே ஒரு சாண் இடுக்குதான் மிச்சம். போன மழையில் உள்ளே நுழைய முடியாத தண்ணீர் சாலைமேல் ஏறி, சரளையை வாரிக்கொண்டுபோய், முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருக்கிறது. ஓரத்தில் தங்கிய கற்கள் மண்பிடிப்பு இல்லாமல் கோலிகுண்டு மாதிரி உருளுகின்றன. எங்களில் ஒருவருக்கு அங்கேதான் கணுக்கால் பிசகியது. இரண்டு பேர் தோள் கொடுத்துக் கீழே கொண்டுவந்தோம்.

முன்பு ஒருமுறை இதைச் சொன்னபோது, வண்டி போகாத சாலைக்கு எதற்குச் செலவு என்று கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் சரளைச் சாலைக்கு எமன் தண்ணீர். வண்டி போனாலும் போகாவிட்டாலும் அது அரிக்கும். அரித்த மண் சும்மா இருக்காது, கீழே ஓடைக்குள் இறங்கி நீரைக் கலக்கும். சாலையை அப்படியே கைவிட்டால் காட்டுக்கும் நல்லதில்லை என்று சொல்வது இதனால்தான்.

தார் போடச் சொல்லவில்லை. தயவுசெய்து போடவும் வேண்டாம், பின்னாலேயே கார்கள் வந்துவிடும். குழாயைத் தூர்வாரி, பக்கக் கால்வாயை வெட்டிவிட்டு, சரிவான இடங்களில் தண்ணீர் சாலையோடு ஓடாமல் ஓரமாக இறங்கும்படி குறுக்கே சாய்வாய்க் கல்வரிசை பதித்தால் போதும். மண்வெட்டியும் கடப்பாரையும் உள்ள ஆட்கள் சில நாட்களில் முடிக்கிற வேலை.

வண்டிச் சாலையை நடைவழியாக்குவது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவின் மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவில் கார்பன் நதிச் சாலையை 2006 நவம்பர் வெள்ளம் அடித்துப்போனது. அங்கே அதை மறுபடி கார்களுக்குத் திறக்காமல், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள்.

அப்புறம், நுழைவாயிலில் உள்ள பலகையைப் பற்றி. அதில் தூரம் மட்டும் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் மதியத்துக்குமேல் கிளம்பி இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன நடைநேரக் கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி போய்வர ஆகும் நேரத்தையும் எழுதி வைக்கலாம். வண்டிகளைத் தடுக்கும் கேட் பூட்டியே இருக்கட்டும். பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் சந்து மட்டும் வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் தாங்கள் ஒருமுறை நேரில் பார்வையிட வேண்டுகிறோம். எந்த நாள் என்று சொன்னால், அந்த மூன்றாவது வளைவு வரை நாங்களும் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாலையில் நடப்பவர்கள்