கொடுக்காத தந்தி

அன்புள்ள கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஆச்சி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஸ்டாக்ஹோமில் இந்த மாதத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்றாயே, கம்பளி போடாமல் வெளியே இறங்காதே. வாரத்தில் இரண்டு நாளாவது உளுந்தம்பருப்புச் சோறு பொங்கிச் சாப்பிடு. துவையலுக்கு எள் தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன்.

ஒரு மாதமாக "நலம்" என்ற ஒற்றைச் சொல்தான் உன்னிடமிருந்து வருகிறது. மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கடற்படை நிலையத்துக் கம்பங்கள் கண்ணில் படுகின்றன. கடலுக்கடியில் கிடக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்கும் நம் விஜயநாராயணத்திலிருந்து சேதி போகும் என்று ஆறாம் வகுப்பிலேயே எனக்குச் சொல்லித் தந்தவள் நீ. எனக்கு ஒரு சேதி சொல்ல உனக்கு நேரமில்லை.

உலகத்துப் போர், ஆயுதக் கணக்கெல்லாம் ஆராய்கிற சிப்ரி என்ற அமைதி ஆராய்ச்சி நிறுவனத்தில் நீ வேலை பார்ப்பதை நினைத்தால் பெருமைதான். "ராணுவ ரகசியமெல்லாம் பார்க்கிறாளாமே?" என்று பெரியப்பா கேட்டார். ரகசியமே இல்லை, அரசாங்கங்களின் பட்ஜெட், அறிக்கை, பத்திரிகை என்று யாரும் படிக்கக்கூடியதை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள் என்றேன். சுவீடன் 150 ஆண்டுகள் போரில்லாமல் இருந்ததை நினைவுகூர 1966-இல் தொடங்கியது சிப்ரி என்றும் சொன்னேன். 2025 தொடக்கத்தில் உலகில் 12,241 அணு ஆயுதங்கள், அதில் இந்தியாவிடம் 180 என்று நீங்கள் மதிப்பிட்ட செய்தியை வெட்டி உன் பள்ளிச் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறேன்.

போன தடவை பேசும்போது, "செத்தவர்களை எண்ணாக எழுதி எழுதி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாய். பிறகு சிக்னல் இல்லை என்றாய். நீ மூக்கை உறிஞ்சியது எனக்கு நன்றாகக் கேட்டது. நேரத்துக்குத் தூங்கு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கம்பளி போட்டுக்கொள்.

மாமாவைப் பற்றி ஒன்று. ஆச்சிக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. 1987 புரட்டாசியில், இந்திய அமைதிப்படையோடு போயிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு மட்டும் ஒரு கடிதம் போட்டிருந்தான். "அக்கா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று ஒரு தந்தி கொடு. பத்து நாள் லீவு கிடைக்கும். இங்கே இருக்க முடியவில்லை." பெற்றவள் படுக்கையில் கிடக்கிறாள் என்று எப்படிக் கொடுப்பது, பலித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று பதில் எழுதினேன். அது அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. ஐப்பசியில் நமக்குத்தான் தந்தி வந்தது.

அந்தக் கடிதம் பெருங்காய டப்பாவின் அடியில் நாலாக மடித்து இருக்கிறது. மடிப்பில் எழுத்து போய்விட்டது, "முடியவில்லை" மட்டும் தெரிகிறது. 2013-இல் தந்தியை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னபோது நான் அழுதேன். ஏன் என்று நீ கேட்டாய். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நீ சிப்ரியில் சேர்ந்த நாளிலிருந்து உனக்கும் அதையேதான் சொல்லிவருகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று. இனிச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்பி வா. யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா