நான்கு என்று ஒரு கணக்கு இல்லை, மகள்

கண்டி
2023 நவம்பர் 5

அன்புள்ள மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் இதைச் சொல்லத் தொடங்கினால் நீ மருந்து போட்டீர்களா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

றக்பி உலகக் கிண்ணக் கணிப்புக் கொப்பி என் முன்னால் விரிந்து கிடக்கிறது. நாம் நால்வரும் எழுதிய அத்தனை புள்ளிகளும் அதில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு மாஸ்டர் நேற்று வந்து மொத்தம் கூட்டிவிட்டு, "வெற்றி உங்களுக்குத்தான், பெயரைச் சிவப்பு மையால் எழுதுங்கள்" என்றார். நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

செப்டெம்பரில் நீ எப்படி எழுதினாய் என்று பார்க்கிறேன். முதல் ஆட்டத்திலேயே உன் நியூசிலாந்து பிரான்சிடம் தோற்கும் என்று எழுதினாய். நடந்ததும் அதுதான், 27-13. ஒன்பது நாள் கழித்து, அவுஸ்திரேலியாவை பீஜி வெல்லும் என்று நால்வரில் நீ ஒருத்திதான் எழுதினாய். 6 புள்ளியால் என்றாய். அவர்கள் 22-15 என்று 7 புள்ளியால் வென்றார்கள். 1954க்குப் பிறகு அவுஸ்திரேலியாவை பீஜி வென்றது அன்றுதான். மாஸ்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை தட்டினார். எனக்கு வயிற்றெரிச்சல், கூடவே பெருமை.

மாத முடிவில் நான் வைத்தியசாலையில் ஆறு நாள் கிடந்தேன். அதற்குப் பிறகுதான் உன் கணிப்புகள் மாறின. அரையிறுதியில் ஆர்ஜென்டினா நியூசிலாந்தை வெல்லும் என்று எழுதினாய். நியூசிலாந்து 44-6 என்று வென்றது. சரி, கை தவறிவிட்டது என்று விட்டேன். இறுதியாட்டத்துக்கு நீ அனுப்பியது என்ன? நியூசிலாந்து 38, தென்னாபிரிக்கா 4.

நான்கு! றக்பியில் நான்கு புள்ளி எடுக்க முடியுமா, மகள்? எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் ட்ரைக்கு 5, அதன் பின் உதைக்கு 2, பெனல்டிக்கு 3, ட்ரொப் கோலுக்கு 3. எப்படிக் கூட்டினாலும் நான்கு வராது. 1992க்கு முன்பு ட்ரைக்கு நான்கு புள்ளி இருந்தது, அப்போது வரும். இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நித்தவெல மைதானத்தில் கச்சான் கோதுகளை மூன்றாகவும் ஐந்தாகவும் அடுக்கி, "ஒன்று, இரண்டு, நான்கு, இந்த மூன்றும் பலகையில் வரவே வராது" என்றேன். ஏழு வயதில் நீ அதைப் பாடம் மாதிரி ஒப்புவிப்பாய். அந்தப் பிள்ளை இன்று நான்கு என்று எழுதுகிறாள் என்றால் அது பிழை அல்ல. அப்பா வெல்லட்டும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறாய்.

அதை நினைக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் பெரியப்பா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் இருவரும் பாடசாலை றக்பியின் பிரட்பி கேடயத்துக்குக் கணிப்பு எழுதுவோம். அவர் கொழும்பு ரோயல் கல்லூரிப் பக்கம், நான் கண்டி ட்ரினிட்டி கல்லூரிப் பக்கம். 1945 முதல் நடக்கும் போட்டி அது. ஒரு ஆட்டம் கண்டியில், ஒன்று கொழும்பில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று தீர்மானிப்பார்கள். அதனால் யார் வெல்வார் என்பதோடு எங்கள் கேள்வி நிற்காது. எத்தனை புள்ளியால் என்பதுதான் கேள்வி. நம் கொப்பியில் வித்தியாசத்துக்குக் கூடுதல் புள்ளி கொடுப்பது அங்கிருந்து வந்த பழக்கம்தான். கணிப்பைத் தபாலட்டையில் எழுதுவோம். தபால் முத்திரையின் திகதி ஆட்டத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது.

நான் உயர்தரப் பரீட்சையில் தவறிய வருடம். வீட்டில் எல்லோரும் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார்கள். பெரியப்பாவின் அட்டை வந்தது. பரீட்சையைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் முன்வரிசை, இரு அணியும் முட்டித் தள்ளும் ஸ்கிரம்மில் பத்து நிமிடம் தாங்காது, 15 புள்ளியால் ரோயல் என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே ஓடிப்போய் ஒரு அட்டை வாங்கிப் பதில் எழுதினேன். அன்றிரவுதான் நான் வயிறாரச் சாப்பிட்டதாக அப்பாச்சி பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார்.

இறுதியாட்டத்துக்கு வருகிறேன். இங்கே ஞாயிறு அதிகாலை பன்னிரண்டரை, உனக்குக் காலை எட்டு மணி. பாரிஸில் மழை. தென்னாபிரிக்கா காலிறுதியை 29-28 என்றும் அரையிறுதியை 16-15 என்றும் வென்று வந்திருந்ததால், 17-16 என்று ஒரு புள்ளியால்தான் எழுதியிருந்தேன். தென்னாபிரிக்காவின் பொலார்ட் முதல் பாதியில் நான்கு பெனல்டி உதைத்து 12 எடுத்தார். அதன் பிறகு அவர்களுக்கு ஒரு புள்ளியும் இல்லை. அணித்தலைவர் கேன் சிவப்பு அட்டை பெற்று வெளியே போன பிறகும் உன் ஆட்கள் பதினான்கு பேராக நின்று, பேரட்டின் ட்ரையோடு 11க்கு வந்தார்கள். 12-11. வித்தியாசம் எனக்குச் சரியாக வந்தது. தொலைபேசியை எடுத்தேன், உன்னைச் சீண்ட. அப்போதுதான் அந்த நான்கு கண்ணில் பட்டது. போனைத் திரும்ப வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வைத்தியர் பார்த்தார். இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, மாலையில் நடக்கச் சொன்னார், நடக்கிறேன். அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறார். அடுத்த வாரம் பார்சல் வரும்.

பெப்ரவரி 2ஆம் திகதி மார்செயில் பிரான்ஸும் அயர்லாந்தும் மோதுகின்றன. என் கணிப்பை எழுதி, உறையில் ஒட்டி, மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். உன்னுடையது ஆட்டத்துக்கு முன் வர வேண்டும். மருமகனிடம் கேட்காமல், நீயாகக் கூட்டிப் பார்த்து எழுது. என்னைத் தோற்கடிக்கிற மாதிரி எழுது.

அன்புடன்,
அப்பா