வான்கோழிச் சுருளுக்கு முன்னும் அங்கே பாடசாலை இருந்தது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தென்கிழக்கு லண்டனின் கிட்புறூக் பாடசாலையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பாடசாலைச் சாப்பாட்டையும், வான்கோழிச் சுருள் என்ற பதப்படுத்திய இறைச்சிப் பண்டத்தையும் சாடி ஜேமி ஒலிவர் என்ற சமையற்கலைஞர் அங்கே எடுத்த தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்த பிறகுதான் அப்படியொரு பாடசாலை இருப்பதே உலகுக்குத் தெரிந்ததாம். உலகம் என்று தாங்கள் சொல்வது தங்கள் அலுவலகத்துத் தொலைக்காட்சிப் பெட்டியைத்தான் போலும்.

நிகழ்ச்சி வந்தது 2005இல். பாடசாலை திறந்தது 1954இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அங்கே பிள்ளைகள் சும்மாவா குந்தியிருந்தார்கள்? தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். 1944ஆம் ஆண்டுச் சட்டம் இடைநிலைக் கல்வி எல்லாருக்கும் இலவசம் என்றது. நடந்தது என்ன? 11 வயதில் ஒரு பரீட்சை. தேறிய ஐந்திலொரு பங்கினர் மேற்படிப்புக்குத் தயார்படுத்தும் கிராமர் பாடசாலைக்கு, மிச்சப்பேர் பெரும்பாலும் செகண்டரி மொடேர்ன் பாடசாலைக்கு. அங்கே போனவர்களில் அநேகர் 15 வயதில் ஒரு சான்றிதழும் இல்லாமல் வெளியே வந்தார்கள். இந்தப் பிரிப்பே வேண்டாம், எல்லாரும் ஒரே இடத்தில் படிக்கட்டும் என்று அன்றைய நகர நிர்வாகமான லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டியதுதான் கிட்புறூக். இப்படிப் பரீட்சையால் பிரிக்காத கொம்பிரிகென்சிவ் பாடசாலையாகவே திட்டமிட்டு லண்டனில் கட்டப்பட்டவற்றில் அதுவே முதலாவது. ஏறத்தாழ 2,000 பெண்பிள்ளைகள் படிக்க இடம்.

அயலில் இருந்த எல்தம் ஹில் பெண்கள் கிராமர் பாடசாலையை மூடி, அதன் மாணவிகளையும் இங்கே சேர்ப்பதாகத்தான் திட்டம். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். கல்வி அமைச்சர் புளோரன்ஸ் ஹோர்ஸ்புறூ மூடுவதற்கு அனுமதி மறுத்தார். எல்லாரும் சேர்ந்து படிக்கவென்று கட்டிய பாடசாலை, பரீட்சையில் தேறிய பிள்ளைகள் பலரை எல்தம் ஹில்லிலேயே விட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தது. அந்த நிலையிலும் முதல் அதிபர் மேரி கிறீன் அதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திக் காட்டினார். அமைச்சர் காப்பாற்றிக் கொடுத்த எல்தம் ஹில்லும் பிற்பாடு கொம்பிரிகென்சிவ் ஆகிவிட்டது! இந்த வேடிக்கை ஒன்றுக்கே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். தாங்கள் ஒதுக்கியதோ எண்ணெய் வடியும் வான்கோழிச் சுருளின் வண்ணப்படத்துக்கு.

அந்தச் சுருளைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. தென் லண்டனில் வேறொரு பாடசாலையின் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கிட்புறூக் சமையலறைப் பெண்களுக்குச் சமைக்கவே தெரியாது, ஒருவர் வந்துதான் கற்றுக்கொடுத்தார் என்ற தொனியில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுப் பொருள்களுக்கு வெறும் 37 பென்ஸ் என்று அதே நிகழ்ச்சியில் சொன்னார்களே, அது அவருடைய காதில் விழவில்லையா? பாடசாலைச் சாப்பாட்டின் தரத்துக்கு இருந்த விதியை 1980இல் அரசே நீக்கியது. அதன் பின்னர் குறைந்த விலை கேட்டவர்களுக்குச் சமையல் குத்தகை போனது. எங்கள் சமையலறையிலிருந்து உருளைக்கிழங்கு உரிக்கும் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய், அந்த இடத்தில் உறைபெட்டி வைத்தார்கள். பொதியைப் பிரி, தட்டில் கொட்டு, ஓவன் அடுப்புக்குள் தள்ளு, இவ்வளவுதான் எங்களுக்கு இட்ட கட்டளை. நூறு பேருக்குச் சோறு கறி ஆக்கத் தெரிந்த பெண்கள் நாங்கள். எங்கள் முறைப்பாடுகளை எந்த மேலாளரும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. கமராவுக்கு முன்னால் ஒருவர் கோபப்பட்டதும் அரசு 280 மில்லியன் பவுண் தருவதாக அறிவித்தது. நல்லது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆனால் அந்த 37 பென்ஸை மறைத்துவிட்டு எங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

தங்கள் இதழுக்கு இது புதிதல்ல. ஆண்டுமலர் வந்தால் பணக்காரரின் தனியார் பாடசாலைகளான ஈட்டனும் ஹரோவும், அங்கே படித்த பிரதமர்களின் வரிசையும். மற்ற மாதங்களில் ரியூசன் நிலைய விளம்பரங்களும், கிராமர் பாடசாலையில் இடம் கிடைத்த செல்வங்களுக்குப் படத்துடன் வாழ்த்தும். கிட்புறூக் இருக்கும் கிறீனிச் வட்டாரத்தில் கிராமர் பாடசாலை ஒன்றுகூட இல்லை என்பதால், செப்டெம்பர் பிறந்தால் நம்மவர்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து பெக்ஸ்லிக்குப் பரீட்சை எழுத ஓடுகிறார்கள். ஊரில், இலங்கையில், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் வெட்டுப்புள்ளியும் படுத்திய பாடு போதாதா?

என் மகன் அந்தப் பரீட்சையில் தேறவில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் என் சொந்த மச்சாள், கவலைப்படாதீர்கள், ஏதாவது கைத்தொழில் பழக்கிவிடலாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவன் பக்கத்தில் நின்று கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொம்பிரிகென்சிவ் பாடசாலையில் படித்து அவன் பின்னாளில் என்ன ஆனான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தங்கள் வாழ்த்துப் பக்கத்துக்கு நான் பணம் கட்டவில்லையே.

பாடசாலையின் பிற்காலத்தை ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள், அதிலும் பாதியைக் காணவில்லை. 1980களில் ஆண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். 2011இல் அது கொறெலி கல்லூரி ஆனது. 2018 முதல், வால்வெள்ளியால் பெயர்பெற்ற வானியலாளர் ஹாலியின் பெயரில் அக்கடமியாக இயங்குகிறது. கிட்புறூக் பாடசாலை என்ற பெயர்ப்பலகையைத் தேடிப் போகும் வாசகர் வெறுங்கையுடன்தான் திரும்புவார்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. படத்தின் கீழே தொடக்க ஆண்டு 1964 என்று அச்சாகியிருக்கிறது. அதை 1954 என்று திருத்தி, இன்றைய பெயரையும் சேர்த்து, அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். ரியூசன் விளம்பரத்துக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
எல்தம், லண்டன்.