செயலியை மாற்றினால் வேலை குறையுமா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். அதோடு சேர்ந்து வந்த தலைவலிகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். படிக்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். இப்போது அவளோடு பேசவே நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வேலைகளைக் குறித்து வைக்க இன்னொரு புதுச் செயலியை இறக்கியிருக்கிறேன், இதாவது சரிப்பட்டு வருமா என்று கேட்டிருந்தாய். வராது என்றுதான் நினைக்கிறேன். பழைய பட்டியலைப் புதியதில் ஏற்றுவதும், கலர் கலராக வகை பிரிப்பதும் ஏதோ செய்து முடித்த திருப்தியைத் தரும். முடியாமல் கிடப்பது அப்படியே கிடக்கும்.

செயலியை விடு. நீ தொடங்கிவிட்டு முடிக்காமல் வைத்திருப்பவை எத்தனை என்று முதலில் எண்ணிப் பார். வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. கையில் சராசரியாக இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடிகிறவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உன்னிடம் கிடக்கும் என்பது வந்துவிடும். கையில் 30, நாளுக்கு 3 முடிகிறது என்றால் 10 நாள். தலைகீழாக நின்றாலும் அந்த 3 ஒருவேளை 4 ஆகும், 6 ஆகாது. ஆனால் பாதியை இப்போதைக்கு எடுக்காமல் வெளியே நிறுத்தி, 30ஐ 15 ஆக்க முடியும். ஆக்கினால் அதே வேகத்தில் 5 நாளில் முடியும்.

வெளியே நிறுத்தியவை காத்திருக்கத்தானே செய்யும் என்பாய். உண்மைதான். ஆனால் தொடங்காத வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம். சில நேரம் அதற்குத் தேவையே இல்லாமல் போய்விடும். பாதி செய்த வேலைதான் ஆளை விடாது, வாரம் ஒருமுறை யாராவது "அது என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள், அதற்குப் பதில் எழுதுவதே தனி வேலையாகிவிடும்.

வேலைகளை அட்டைகளில் குறித்து நகர்த்தும் கான்பான் முறை டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் கையில் எடுப்பதில்லை என்ற வரம்புதான் அதிலும் உயிர். அலுவலகங்களில் அட்டைகளை ஒட்டும் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 'நடப்பில்' என்ற பத்தி மட்டும் நீண்டுகொண்டே போகிறது. நீ உனக்கு ஒரு எண்ணை வைத்துக்கொள். அது நிரம்பியிருக்கும்போது மேலிடத்திலிருந்து புதிதாக ஒன்று வந்தால், முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. "செய்கிறேன், அதற்காக இவற்றில் எதை நிறுத்தி வைக்கட்டும்?" என்று பட்டியலைக் காட்டிக் கேள். அவரே முடிவெடுக்கட்டும். பாதி நேரம் அவருக்கே உன் கையில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

அவசரம், முக்கியம் என்று நாலு கட்டம் போடும் முறையையும் கேட்டிருந்தாய். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் பெயரில் ஓடுகிறது. அவரோ 1954இல் பேசிய உரையில், அவசரம் வேறு, முக்கியம் வேறு என்பதை ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் குறிப்பிட்டார். எல்லாவற்றையும் அவசரம் என்றே அனுப்புகிறவர்கள் நடுவில் இருக்கும் உனக்கு அதனால் பெரிய பயன் இருக்காது.

ராத்திரி படுத்தால் ஆபீஸ் வேலையே ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஒன்று சொல்கிறேன். முடிக்காத வேலை மனதில் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பதைப் பற்றி மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையை முடித்தால்தான் அந்தத் தொந்தரவு குறையும் என்றில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்தாலே குறைகிறது என்று கண்டார்கள். அதனால் 'ஆண்டறிக்கை' என்று ஒரு சொல்லை எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதே. 'நாளைக் காலை, முதல் மீட்டிங்குக்கு முன், கணக்குப் பிரிவிடமிருந்து எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்' என்று எழுது. எண்கள் வந்த பிறகு என்ன என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இதை எழுதக் காகிதம் போதும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ போடும் கணக்கை மட்டும் நம்பாதே. கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979லேயே சொல்லிவிட்டார்கள்: திட்டம் போடும்போது மனிதர்கள் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். போன தடவை அதே வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஆனதோ, அதைப் போடு.

பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டு எழுது. ஆமாம், அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்றாயே, தேதி முடிவாகிவிட்டதா? ஆபீஸைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்