சேம்பரைத் திறந்து காட்டிவிட்டுப் பெருமை பேசலாமே

நம் துப்பாக்கிச் சேகரிப்பாளர் மன்றத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் சேகரிப்புப் பகிர்வு நாளில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் மூன்று பேர் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு முறை கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. அதனால்தான் உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

கூட்ட அறிக்கையில் "பகிர்வு இனிதே நடந்தேறியது" என்றிருக்கிறது. அந்த இனிமையில் ஒரு .45 தோட்டாவும் சேர்த்தி.

எம்1911 என்ற அந்தக் கைத்துப்பாக்கி என் கைக்கு வருவதற்குள் நான்கு பேர் கை மாறிவிட்டது. கொண்டுவந்தவர் "மேகசின் கழற்றியாச்சு, காலிதான்" என்றார். பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிதான் மேகசின், அது போனால் காலி என்று எல்லோரும் நம்பினோம். இரண்டாவதாக வாங்கியவர் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்தார், விசையை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இறக்கி வைத்தார். "என்ன மென்மை!" என்றார். அப்போது அவருடைய கட்டைவிரல் கொஞ்சம் வழுக்கியிருந்தால் இந்த மடலை வேறு யாராவது, வேறு யாருக்காவது எழுதிக்கொண்டிருப்பார்கள். என் முறை வந்ததும் பழக்க தோஷத்தில் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்தேன். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், பித்தளை மின்னியது. தோட்டா மேசையில் விழுந்து, உருண்டு, ஒரு மஞ்சள் டம்ளரில் முட்டி நின்றது.

டம்ளர் என் மகளுடையது. அவளுக்கு எட்டு வயது. "காலின்னு சொன்னாங்களேப்பா, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். மேசையைச் சுற்றியிருந்த பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் "ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார்.

அன்றிரவே அந்த இரண்டாமவரின் படம் எல்லோருக்கும் வந்தது. ஸ்லைடு மூடியிருக்கிறது, ஹேமரில் கட்டைவிரல். குழல் நீளும் திசையில், படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட மஞ்சள் டம்ளர், அதைப் பிடித்திருக்கும் சின்னக் கை. மரப்பிடியின் அழகை எத்தனை பேர் பாராட்டினீர்கள்! நானும் பாராட்டுகிறேன். வால்நட் மரம், நல்ல ரேகை. அந்தப் படத்தை நான் அழிக்கவும் இல்லை, வீட்டில் காட்டவும் இல்லை. இப்போதெல்லாம் என் துப்பாக்கிகளைத் துடைக்க உட்கார்ந்தால் மகள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். முன்பு எண்ணெய்த் துணியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

கொண்டுவந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் எங்கே தவறினார் என்று எனக்குப் புரிகிறது. பல ஆண்டுகளாக அவர் கையில் இருப்பது பிரவுனிங் ஹைபவர், 1935-இல் வந்தது. அதில் மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாதபடி ஓர் ஏற்பாடு உண்டு. எம்1911-இல் அது கிடையாது. மேகசின் இல்லாவிட்டாலும் சேம்பரில் இருக்கும் தோட்டா தாராளமாக வெடிக்கும். இரண்டுக்கும் மூல வடிவமைப்பாளர் ஒரே ஜான் பிரவுனிங்தான். ஒரு துப்பாக்கி பழக்கிய கை இன்னொன்றில் ஏமாந்துவிட்டது.

இதனால்தான், திறந்து காட்டச் சொன்னால் "எங்களுக்குத் தெரியாதா?" என்று வரும் பேச்சை ஏற்க முடியவில்லை. ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு கழற்றுபவரை நம் கூட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். முதல் தோட்டா வெளியே போகும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். வின்செஸ்டர் 1894 என்ற ரைஃபிளில், விசையைச் சுற்றியிருக்கும் லீவரை ஒருமுறை இறக்கி ஏற்றிவிட்டு நிம்மதி அடைந்தாலும் அதே கதைதான், குழலுக்கடியில் நீளக் குழாயில் தோட்டாக்கள் வரிசை கட்டி நிற்கும். குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் பழைய துப்பாக்கிகளோ இன்னும் மோசம், பார்வைக்கு எதுவுமே தெரியாது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து களத்தில் பொறுக்கிய ஏறத்தாழ 27,500 துப்பாக்கிகளில் சுமார் 24,000 நிரப்பியபடியே கிடந்தனவாம். சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா காலத்துத் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று அளவுகோலை விட்டு ஆழம் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஜெர்மனியின் லூகர் பி08 இந்த விஷயத்தில் நாகரிகமான கைத்துப்பாக்கி. சேம்பரில் தோட்டா இருந்தால் மேலே ஒரு சின்னத் தகடு எழும்பி, "கெலாடன்", அதாவது நிரம்பியிருக்கிறது, என்று ஜெர்மன் எழுத்திலேயே சொல்லும். நூறாண்டுக்கு முந்தைய இரும்புக்கு இருக்கும் அக்கறை நம் மன்றத்துக்கு இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தத் துப்பாக்கியும் உரியவர் கையைவிட்டு நகருமுன், அதைப் படமெடுக்குமுன், மேகசினைக் கழற்றி, ஸ்லைடையோ, ரைஃபிளானால் சேம்பரை அடைக்கும் போல்ட்டையோ திறந்து, சேம்பரை எல்லோருக்கும் காட்டி, அதில் ஒரு பாதுகாப்புக் கொடி செருகப்பட வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். கொடி இருக்கும்வரை மூட முடியாது, தோட்டா இல்லை என்பதும் தூரத்திலிருந்தே தெரியும். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில் உலக வீரர்களே இதைச் செருகுகிறார்கள். அவர்கள் யாரும் தங்களை அவமதித்ததாகக் குறைப்பட்டதில்லை. நமக்கு மட்டும் "படம் அசிங்கமாக இருக்கும்" என்ற கவலை.

படம் என்றதும் இன்னொன்று. நூறாண்டுப் பழமையில் துப்பாக்கி மேல் படிந்த நிறத்தைச் சுரண்டி, பளபளவென்று புதுப்பூச்சு பூசி, "புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று காட்டுகிறோம். வியர்வைக் கையோடு இரும்பைத் தடவிவிட்டு, துரு எப்படி வந்தது என்று வியக்கிறோம். வரிசை எண்ணும், பின்னால் வீட்டுப் பூட்டும் தெரிய, இருப்பிடக் குறிப்பையும் நீக்காமல் செல்போன் படத்தை அனுப்பிவிட்டு, திருட்டுப் பயம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். திருடர்களுக்கு வழிகாட்டிப் பலகை ஒன்றுதான் இன்னும் நடவில்லை.

மன்னிக்கவும், விஷயத்தை விட்டு எங்கோ போய்விட்டேன். இவையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இன்று சேம்பர் மட்டும்.

கொடிகளுக்கு மன்றத்தின் பணம் வேண்டாம், நானே வாங்கித் தருகிறேன். வாசலருகே மேசையின் ஒரு மூலை கிடைத்தால் போதும், ஒவ்வொரு துப்பாக்கியையும் அங்கே திறந்து காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோகட்டும். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இதை முதலாவதாக வைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். அந்தத் தோட்டாவை அன்றே செயலாளரிடம் ஒப்படைத்தேன். பதிவேட்டில் "மேசைமீது கண்டெடுக்கப்பட்ட தோட்டா, 1" என்று எழுதியிருக்கிறார். மேசைமீது யாரும் அதைக் கண்டெடுக்கவில்லை, ஐயா. காலி என்று சொல்லப்பட்ட துப்பாக்கியின் சேம்பரிலிருந்து விழுந்தது. அந்த வரியைத் திருத்தி, கையெழுத்திட்டு, எனக்கொரு நகல் தாருங்கள்.

இப்படிக்கு,
அந்த மேசையில் ஐந்தாவதாக வாங்கிப் பார்த்த உறுப்பினர்