பெயர் சொல்ல விரும்பாத பிசியோ தங்கச்சிக்கு

அம்மாவின் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி, கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்கு, விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறொரு உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோலக் காட்டும் கருவி) என்றால் என்னவென்று புரியவைத்துப் பழக்கிவிட்ட பிசியோதெரபிஸ்ட் தங்கச்சிக்குத்தான் இந்தப் பதிவு. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

"கண்ணை மறைச்சிட்டு என்னம்மா பண்ணப் போறே?" என்று அம்மா முரண்டு பிடித்தார். தங்கச்சி அவசரப்படவில்லை. வலிப்பு வந்திருக்கிறதா, பஸ்ஸில் போனால் குமட்டுமா என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம் ஹெட்செட்டை முதலில் எனக்கு மாட்டி, நான் சுற்றிச் சுற்றி வேடிக்கை பார்ப்பதை அம்மாவுக்குக் காட்டினார் (அந்த வாரம் அம்மா சிரித்தது அப்போதுதான்). வலி மருந்தை நிறுத்த மாட்டோம், இது அதற்குத் துணைதான், கவனம் வேறு எதிலாவது இருந்தால் வலி கொஞ்சம் குறைவாகத் தெரியும், தலை சுற்றினால் கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க, உடனே கழற்றிடறேன் என்று நிதானமாக விளக்கினார். அமெரிக்காவின் சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இருவர் 1990களிலேயே தீக்காய நோயாளிகளிடம் இதை முயன்று, பிறகு பனிப்பந்து எறியும் ஒரு பனி உலகத்தையே இதற்காக உருவாக்கினார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

வலி முழுசாகப் போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நர்ஸ் கட்டைப் பிரிக்கும்போது அம்மா கடலுக்குள் மீன் எண்ணிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மேலேயே மாட்டலாமா என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தீங்க. ரொம்ப நன்றி தங்கச்சி.