கராமுக்கு ஒரு கண்மாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரை விடவில்லை. ஊருணியில் படியே தெரியாத அளவுக்குத் தண்ணீர்.

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். நன்றாகவே நடக்கிறது, பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. இந்த முறை கதை நடத்துவது நான். அதற்காக ஒரு மிருகத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரிலும் தரையிலும் வேட்டையாடும் ஊர்வன. கராம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் கேட்பது மூன்று தலை, நெருப்புக் கக்கும் வாய். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படி ஒன்று வந்தால் அரை மைல் தூரத்திலேயே தெரிந்துவிடும், வாளை உருவிக்கொண்டு தயாராகிவிடுவார்கள். நம்மூர்க் கண்மாயில் ஒரு முதலை இருந்தால் எப்படி வாழும் என்று யோசித்துப் பார்த்தேன். அதிலேயே வேண்டிய பயம் எல்லாம் இருக்கிறது.

சதுப்புநில முதலை கோடையில் தண்ணீர் வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தரைவழியே அடுத்த நீர்நிலையைத் தேடி நடந்துபோகும். மாதக்கணக்கில் இரை இல்லாமலும் தாங்கும். இப்போது சித்திரை மாதத்து மீன்பிடித் திருவிழாவை நினைத்துக்கொள். கரையில் ஊரே நிற்கிறது. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுகிறார். கூடை போன்ற ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு அத்தனை பேரும் முழங்கால் சேற்றில் இறங்குகிறார்கள். ஊத்தாவைக் குத்தி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு, அகப்பட்டது விராலா கெளுத்தியா என்று தடவிப் பார்க்கிறார்கள். கராம் அந்தச் சேற்றுக்குள் படுத்திருக்கிறது. கதையின் முதல் காட்சி இதுதான். நான் சொல்லி முடித்தபோது உன் மருமகன் காலை மடக்கிப் பாயின் மேல் வைத்துக்கொண்டான்!

அப்புறம் விதிகள். முதலையின் தாடையில் கடுகு அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் இருக்குமே, அவை தண்ணீரின் மெல்லிய அதிர்வைக்கூட உணர்பவை. இருட்டில் கண் தேவையில்லை. அதனால் தண்ணீருக்குள் யார் ஓர் அடி எடுத்து வைத்தாலும் கராமுக்காக நான் ஒரு பகடை உருட்டுவேன். அசையாமல் நிற்பவனுக்கு உருட்டமாட்டேன். ஒருவனைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் ஓடுவதா நிற்பதா என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

முதுகுச் செதில்களுக்கு அடியில் எலும்புத் தகடுகள். அங்கே வெட்டினால் இருபது முகப் பகடையில் 18 விழ வேண்டும், வயிற்றில் 12 போதும். கடியின் வலுவுக்கு 2012இல் வெளியான அளவீட்டை எடுத்துக்கொண்டேன். உவர்நீர் முதலையின் கடி 16,414 நியூட்டன். ஆனால் வாயை மூடும் தசைக்குத்தான் இந்த வலு, திறக்கும் தசை பலவீனமானது. மூடிய வாயை ஒரு கயிற்றால் கட்டிவிடலாம். இதை நான் வெளிப்படையாகச் சொல்லப்போவதில்லை. முதல் ஊரில் ஒரு கிழவி பேச்சுவாக்கில் சொல்லுவாள், காது கொடுத்தவன் பிழைப்பான்.

அடுத்த ஊருக்கு வேட்டங்குடிப்பட்டியை மனதில் வைத்திருக்கிறேன். அங்கே கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள் இல்லையா? ஆட்டக்காரர்களிடம் ஒரு பீப்பாய் வெடிமருந்து இருக்கிறது. கொளுத்தினால் கராம் செத்தது. ஆனால் ஊர் சம்மதிக்காது. மகாபலிபுரம் பக்கத்து முதலைப் பண்ணையில், பறவைகள் கூடு கட்டும் காலத்தில் முதலைகள் மூக்கின் மேல் சுள்ளியைத் தாங்கி அசையாமல் கிடந்ததைக் கவனித்து 2013இல் எழுதினார்கள். சுள்ளி பொறுக்க வரும் கொக்குக்கு அது தூண்டிலாம். தூண்டில்தானா என்று பிறகு கேள்வியும் எழுந்தது. ஆட்டத்தில் நான் அதைத் தூண்டிலாகவே வைத்துக்கொள்கிறேன். மரத்தடித் தண்ணீரில் சுள்ளி மிதப்பதைப் பார்த்தவன் அதை எடுக்கக் கை நீட்டட்டும், பார்க்கலாம்.

அது எங்கே போயிருக்கும் என்று துப்புத் துலக்கவும் வழி உண்டு. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அந்த வரிசை தெரிந்தவனுக்குக் கராமின் பாதை தெரியும். சென்னையில் வளர்ந்த பிள்ளைகள் கலுங்கு என்றால் என்ன என்று கேட்டார்கள். மறுநாளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

ஒன்றுதான் தீரவில்லை. தாய் முதலை பொரித்த குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் இவர்கள் எதிரே வந்து நின்றால்? கடித்தால் குஞ்சு போய்விடும். அதனால் அது கடிக்காது. அப்போது வெட்டலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நான் பகடை உருட்டச் சொல்லப்போவதில்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

படம் நீதான் வரைய வேண்டும். வாய் மூடியபடி இருக்கட்டும். முதலைக்கு வாய் மூடினாலும் கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே தெரியும், அதை விட்டுவிடாதே. பென்சில் போதும், வண்ணம் வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்தால் சரி. அந்த ஞாயிறு நீயும் ஆட்டத்தில் உட்காரு, உனக்கு ஒரு வலைஞன் பாத்திரம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்